வைரஸ் சேர்க்காத தட்டு

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னு. அக்கா ஒருநாள் ஆய்வகத்து வாசலில் நின்று அப்படிக் கூப்பிட்டதிலிருந்து அங்கேயும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

சின்னுவின் ஆராய்ச்சி, புற்றுநோயை உண்டாக்கும் ஒரு வைரஸைப் பற்றியது. ரத்த வெள்ளணுக்களில் புகுந்து வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும் வைரஸ் அது. விழித்துக்கொண்டால் முதலில் செல்லின் கொழுப்புத் தயாரிப்பில் கை வைக்கும். ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் இரண்டுக்கும் போதுமான மேல்சவ்வு வேண்டும். சவ்வு கொழுப்பால் ஆனது. தேவைப்படும்போது மட்டும் நடக்கிற அந்தத் தயாரிப்பை வைரஸ் நிறுத்தவே விடாது. மிஞ்சும் கொழுப்பு செல்லுக்குள் துளித்துளியாகத் தேங்கும். சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் அந்தத் துளிகள் பச்சையாக மினுங்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஒருவரின் ரத்தமும் வேண்டும். வழக்கமாகக் கொடுப்பவர் வெளியூர் போய்விட்டதால் அக்கா வந்தாள். அக்கா பஸ் ஓட்டுநர். காலை வண்டியை விட்டுவிட்டு, சீருடையோடு வந்து கையை நீட்டினாள்.

"என் ரத்தத்துல அப்படி என்னத்தடி பாக்கப் போற?"

"கொழுப்பு எவ்வளவு இருக்குன்னு."

"அதுக்கு ஊசி எதுக்கு? எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு எங்க டிப்போவுல யாரைக் கேட்டாலும் சொல்வாங்களே."

ரத்தம் எடுத்தவருக்குக் கை ஆடும் அளவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரம் சின்னு, அக்காவின் செல்களை வளர்த்த இரண்டு தட்டுகளை நுண்ணோக்கியில் வைத்தாள். வைரஸ் சேர்த்த தட்டு எதிர்பார்த்தபடி மினுங்கியது. வைரஸ் சேர்க்காத தட்டு இருட்டாக இருந்திருக்க வேண்டும். அதிலும் அங்கங்கே கொத்துக் கொத்தாகச் செல்கள் பச்சையாகத் தெரிந்தன.

தட்டு மாறிவிட்டது என்றுதான் நினைத்தாள். எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தாள், மாறவில்லை. அப்படியானால் வைரஸ் ஒரு தட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்க வேண்டும். அது தன் கவனக்குறைவு. மூன்று மாத வேலை குப்பைக்குப் போகும், ஆய்வகத் தலைவியான மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருப்பது அப்போது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அக்காவின் ரத்த அணுக்களில் ஒரு குப்பி, திறக்காமல் உறைநிலையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். வைரஸ் வாசனையே படாத அறை, புதுச் சாயம், புதுக் குழாய்கள். சாயம் ஏற்றியதை இந்த முறை தான் பார்க்காமல் மேடத்தைப் பார்க்கச் சொன்னாள். மேடம் எதையும் பதறாமல் பார்க்கிறவர். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இது யாரோட ரத்தம்?"

"எங்கக்காவோடது மேடம்."

மேடம் மறுபடி உட்கார்ந்தார். "இந்தப் பக்கம் இந்த வைரஸ் அபூர்வம்னு ரத்தம் குடுக்கறவங்களுக்கு நாம இந்தச் சோதனை செய்யறதில்ல. தட்டை வச்சு நோய் சொல்லவும் கூடாது. ஆஸ்பத்திரியில முறையா பாக்கட்டும். எதாவது தெரிஞ்சா தனக்குச் சொல்லணும்னு உங்கக்காவே எழுதிக் குடுத்திருக்காங்க. நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

"நானே சொல்றேன்."

"அம்மா இருக்காங்களா?"

சின்னு இல்லை என்று தலையசைத்தாள். அம்மா அவள் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்விட்டாள். கழுத்தில் நெறிகட்டி, காய்ச்சல் விடாமல் அடித்து, கடைசியில் ரத்தத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். இந்த வைரஸ் தாயிடமிருந்து பிள்ளைக்கு எப்படிப் போகிறது என்பதை எத்தனையோ கூட்டங்களில் சின்னுவே நின்று பேசியிருக்கிறாள். பெரும்பாலும் தாய்ப்பால் வழியாக.

அவளுக்கு எட்டு மாதக் குழந்தை இருந்தது.

கழிவறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டாள். மார்பு கனத்து வலித்தது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரம். பாலைப் பீய்ச்சிக் கழுவுதொட்டியில் விட்டாள். பொது அறைக் குளிர்பெட்டியில் காலையில் எடுத்து வைத்திருந்த புட்டியையும் கொண்டுவந்து ஊற்றினாள். வெள்ளையாகச் சுழன்று உள்ளே போனதைப் பார்த்தபோது தன் உடம்பே தனக்கு அந்நியமாகிவிட்டது போலிருந்தது. எல்லா நாளும் அடுத்தவர் செல்களை எட்டி நின்று பார்த்தவளுக்கு, பார்க்க வேண்டிய செல்கள் தன் உள்ளேயே ஓடுகின்றன என்று தோன்றியது. குழாயைத் திறந்து தொட்டியை இரண்டு தரம் கழுவினாள்.

சாயங்காலம் பால் பவுடர் டப்பாவோடு வீட்டுக்குப் போனாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் அன்று விடுப்பில் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் குழந்தை தாவி வந்து மார்பில் முகத்தைத் தேய்த்தது. அவள் குழந்தையை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். குழந்தை வீறிட்டது.

"ஏய், என்னாச்சு? எதுக்கு டப்பா பாலு?"

சொன்னாள். பாதியில் அவன் கேட்பதை நிறுத்திவிட்டான் என்று தெரிந்தது. குழந்தையின் கழுத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"இத்தன நாளா குடிச்சது?"

"தெரியல. எனக்கே இருக்கா இல்லையான்னு தெரியாதுல்ல."

"தினமும் அதத்தான நீ கையில வச்சிருக்க. ஒருவேள உங்கிட்டேருந்துதான் உங்கக்காவுக்கு..."

"அது காத்துல வராது. தொட்டாலும் வராது."

பட்டென்று சொல்லிவிட்டாளே தவிர, கிழிந்த கையுறை ஏதாவது உண்டா, ஊசி எப்போதாவது குத்தியதா என்று மனசு பழைய நாட்களையெல்லாம் கிளற ஆரம்பித்துவிட்டது. கரண்டியில் ஊட்டிய பாலைக் குழந்தை துப்பிக்கொண்டே இருந்தது.

மறுநாள் மதியம் டிப்போவுக்குப் போனாள். அடுத்த நடைக்கு நேரமிருந்ததால் அக்கா காலி பஸ்ஸில், முதல் இருக்கையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

சின்னு பக்கத்தில் உட்கார்ந்து முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளே இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு ஆயுசுக்கும் ஒன்றும் செய்யாது என்பதை இரண்டு தரம் சொன்னாள்.

"அம்மாவுக்கு வந்ததும் இதுதானா?"

"இருக்கலாம்க்கா."

"அந்தச் செல்லு எப்படி இருந்துச்சு? பாத்தேல்ல."

"பச்சையா. கொழுப்ப நிறுத்தாம செஞ்சுட்டே இருக்கு."

அக்கா கால்களை மடக்கிக்கொண்டாள். "நான் எம்பொண்ணுக்கு ரெண்டு வயசு வரைக்கும் பால் குடுத்தேன்டி. பல்லு மொளச்சுக் கடிச்சாக்கூட நிறுத்தல."

டிப்போ மணி அடித்தது. அக்கா எழுந்து ஓட்டுநர் இருக்கைக்குப் போனாள். சாவியைப் போடக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அக்காவும் தங்கையும் ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் ரத்தம் கொடுத்தார்கள். அக்காவின் மகள் வெளியே விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறவள். தகவலைக் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் பாக்க வேணாம். தெரிஞ்சு நான் என்ன பண்ணப் போறேன்?" என்று போனை வைத்துவிட்டாள்.

முடிவு வரும்வரை சின்னு குளிக்கும்போதெல்லாம் கழுத்தையும் அக்குளையும் தடவிப் பார்த்தாள். ஆய்வகத்துக்குப் போனாள், தட்டுகளைத் தொடவில்லை. குழந்தை ஒருவழியாகப் பவுடர் பாலுக்குப் பழகிக்கொண்டது. அவளுக்குப் பால் வற்றிவிட்டது.

முடிவு வந்த அன்று டாக்டர் இருவரையும் சேர்த்தே கூப்பிட்டார். சின்னுவுக்கு இல்லை. அக்காவுக்கு இருந்தது. வெள்ளணுக்கள் கொஞ்சம் கூடுதலாக இருப்பதால் ஆறு மாதத்துக்கொருமுறை வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். இப்போதைக்கு இதை உடம்பிலிருந்து துரத்த மருந்து கிடையாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா அவள் தோளில் கை போட்டாள். "ஒன் குழந்தை தப்பிச்சுது. அது போதும் போ."

அந்த வார்த்தை தாங்காமல் சின்னு நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முடிவைக் கேட்ட கணத்தில் தனக்கு வந்த நிம்மதியை அக்கா பார்த்திருப்பாளோ என்று கூச்சமாக இருந்தது.

"நீங்க அந்தக் கொழுப்ப நிறுத்தற மருந்து ஏதோ பாக்கறீங்கன்னு சொன்னியே?"

"தட்டுல வேலை செய்யுதுக்கா. கொழுப்பு கிடைக்கலன்னா அந்தச் செல்லு பட்டினில செத்துடுது. நல்ல செல்லு பொழச்சுக்குது. ஆனா ஆளுக்குக் குடுக்க வருஷக்கணக்காகும். வராமலே கூடப் போகலாம்."

"அப்ப போய் வேலையப் பாரு. இங்க உக்காந்து என்ன பண்ற?"

சின்னு திரும்பவும் தட்டுகளைத் தொட ஆரம்பித்தாள். அக்காவின் செல்களில் அந்த மருந்தைப் போட்டுப் பார்க்க மேடம் மேலிடத்துக்கு அனுமதி கேட்டு எழுதினார், அக்காவும் சம்மதித்தாள். பச்சைக் கொத்துகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி அணைந்தன. சில மட்டும் அணையவில்லை. அந்தச் சிலவற்றைப் பற்றி அவள் அக்காவிடம் சொல்லவில்லை.

மழை பெய்த ஒரு மத்தியானம், ஆய்வகத்தில் இருந்தபோது போன் வந்தது. அக்காவின் மகள்.

"சித்தி, பேசலாமா?"

"சொல்லுடா."

"கழுத்துல, காதுக்குக் கீழ, சின்னதா ஒண்ணு தட்டுப்படுது. வலிக்கல. பத்து நாளா இருக்கு."

சளி பிடித்தாலும் அப்படி வரும், பல் வலித்தாலும் வரும். அதையெல்லாம் சொல்லச் சின்னு வாயெடுத்தாள். அம்மாவுக்கும் கழுத்தில்தான் ஆரம்பித்தது.

"சித்தி, இருக்கீங்களா?"

"இருக்கேன்டா. நீ அங்கேயே இரு. நான் கிளம்பி வரேன், ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்க. வண்டி ஓட்டிட்டிருப்பாங்க."

"சொல்லல," என்றாள் சின்னு. நுண்ணோக்கியின் விளக்கை அணைத்துவிட்டுக் குடையைத் தேடினாள்.