பத்து மணிக்கு வரும் அழைப்பு

டெனிட்டா ஏசியைக் கடைசி அளவுக்குத் திருகிவிட்டு, போர்வையை அம்மாவின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். ஜன்னலில் செருகியிருந்த அந்தப் பழைய பெட்டி கடகடவென்று ஆடியது. மெம்ஃபிஸ் வெயில் காலையிலேயே சுவரில் ஏறிவிட்டது. அம்மா வெர்லீனின் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு துண்டைச் சுருட்டி மோவாய்க்கு அடியில் கொடுத்தாள். நிற்கவில்லை. எடுத்து மறுபடியும் வைத்தாள்.

"நாலு மணி நேரம் ஆச்சுக்கா," என்றான் தம்பி லவெல். செய்தி கேட்டு ஓடி வந்தவனுக்கு அறைக்குள் நுழையக் கால் வரவில்லை, நிலைப்படியிலேயே நின்றான். "நர்ஸம்மாவுக்குச் சொல்ல வேண்டாமா? உயிர் போனதும் கூப்பிடுங்கன்னுதானே நம்பர் கொடுத்துட்டுப் போனாங்க."

"பத்து மணிக்கு வாடகை உதவி ஆபீஸ்லேர்ந்து அம்மாவுக்குப் போன் வரும். அதுவரைக்கும் அம்மா சாகல."

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா, பைத்தியந்தான். வியாழக்கிழமை கோர்ட் ஆர்டரோட ஷெரீஃப் ஆளுங்க வந்து சாமானைத் தெருவுல எறிவாங்கல்ல, அப்ப நீ தெளிஞ்ச புத்தியோட வந்து பொறுக்கிக்கோ."

போன மாதம்தான் மாடிவீட்டுக்காரர்களின் சோபா இரண்டு நாள் மழையில் நடைபாதையில் கிடந்தது. அதை அவனும் பார்த்திருக்கிறான்.

வாடகை ஒப்பந்தத்தில் அம்மாவின் பெயர் மட்டும்தான். அம்மாவைப் பார்த்துக்கொள்ள லீவு போட்டுப் போட்டே டெனிட்டாவின் கிடங்கு வேலை போனது. அதோடு வாடகையும் நின்றது. கவுண்டி நிர்வாகம் கொடுக்கும் அவசர வாடகை உதவிக்கு மனுப் போட்டவளும் அம்மாதான். மனுக் கொடுத்தவர் வாயால் கேட்டுத்தான் முடிவு செய்வார்களாம். மனுக் கொடுத்தவர் செத்தால் மனுவும் செத்துவிடும் என்று மாடிவீட்டுக்காரி போகும்போது சொல்லிவிட்டுப் போனாள். டெனிட்டா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஆபீசிலேயே கேட்டிருக்கலாம்தான். கேட்டால் அம்மா சாகக் கிடப்பது தெரிந்துவிடுமே என்று பயம். பயந்தவளுக்குப் புத்தி எங்கே வேலை செய்யும்?

விடிந்தும் விடியாமலும் ஐந்தரைக்கு மூச்சு நின்றது. ஏழு மணிக்கு டெனிட்டாவின் பிள்ளைகள் இரண்டும் அறையை எட்டிப் பார்த்தன. "தூங்குறாங்க, சத்தம் போடாதீங்க," என்று தலைசீவி, டிபன் கட்டிக் கொடுத்துப் பள்ளிப் பேருந்தில் ஏற்றி அனுப்பினாள். பெற்றவள் செத்துக் கிடக்கையில் இதையெல்லாம் செய்தவள் பாவி என்றால் பாவிதான். அவள் அதை மறுக்கப்போவதில்லை.

பத்து தாண்டிப் பத்து நிமிடத்தில் அம்மாவின் போன் அடித்தது.

"வெர்லீன் டேட்டம்தானே பேசுறது?"

"நானேதான் தங்கம்," என்றாள் டெனிட்டா. அம்மாவின் அதே கரகரப்பு, அதே இழுவை. லவெல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"நான் ப்ரூயிட், வாடகை உதவி ஆபீஸ்லேர்ந்து. பிறந்த தேதி சொல்லுங்கம்மா."

சொன்னாள்.

"போன தடவை இருமல் உங்களைப் பேசவே விடலை. இப்ப எப்படி இருக்கு?"

"நின்னுருச்சு தங்கம்." சொன்ன பிறகுதான் அவர் 'போன தடவை' என்றது உறைத்தது. "போன தடவைன்னா? மாத்திரை போட்டுப் போட்டு ஒண்ணும் ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது."

"திங்கக்கிழமை நீங்களாத்தானே கூப்பிட்டீங்க. பொண்ணு கடைக்குப் போயிருக்கா, வர்றதுக்குள்ள கேட்டுடறேன்னீங்க. நான் போயிட்டா இந்த உதவி என் பொண்ணுக்கு நின்னுடுமான்னு கேட்டீங்களே. மேலே கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

டெனிட்டா அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டுட்டேன்மா. நிக்காது. வீட்ல இருக்கிற பெரியவங்கன்னு அவ பேரையும் நீங்க எழுதியிருக்கீங்க, அது போதும். அவ பேருக்கே மாத்திக்கலாம். உதவியும் பாஸாயிடுச்சு. கோர்ட்டுக்கும் வீட்டுக்காரருக்கும் இன்னைக்கே கடுதாசி போகுது. வியாழக்கிழமை யாரும் வர மாட்டாங்க. கேக்குதாம்மா?"

"கேக்குது."

"இனிமே நீங்க நிம்மதியா இருக்கலாம்."

"சரி தங்கம்," என்றாள் டெனிட்டா, அம்மாவாகவே. "நீ நல்லா இருக்கணும்."

போனை வைத்ததும் லவெல் நிலைப்படியிலேயே உட்கார்ந்து கேவினான். "அம்மாவே போன் பண்ணிக் கேட்டிருக்குக்கா. நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு."

ஐந்தரை மணிக்கே டெனிட்டா அம்மாமேல் விழுந்து அலறியிருக்கலாம். பிள்ளைகளை நிறுத்தி, பாட்டியின் கன்னத்தைத் தொடச் சொல்லியிருக்கலாம். ஒன்றுக்கும் வழியில்லாமல் செய்துவிட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அம்மாவின் கையை எடுக்கப் பார்த்தாள். விரல்கள் மடங்கவில்லை.

பிறகு நர்ஸுக்குப் போன் செய்தாள்.

"எத்தனை மணிக்குப் போனாங்க?"

"அஞ்சரைக்கு."

"அஞ்சரைக்கா? இத்தனை நேரம் ஏன்மா சொல்லல?"

"அம்மாவுக்கு ஒரு போன் வர வேண்டியிருந்துச்சு."

அந்தப் பக்கம் நர்ஸ் ஏதோ தாளைப் புரட்டி, தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் வாசித்தாள். "அதே வீடுதானே? மாறிடலையே?"

"இல்லை," என்றாள் டெனிட்டா. "இங்கதான் இருக்கோம்."