மே மாதத்து வரைபடம்

பாக்கியநாதனுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. கிறிஸ்துமஸுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, மகள் சோனியாவைப் பந்தலின் முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டார். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் இன்னொரு தொழிற்பேட்டை வருகிறதாம், ஊராரிடம் கருத்துக் கேட்கிறார்கள். மேடையில் தொங்கிய வரைபடத்தின் ஓரத்தில் அவள் படிக்கும் பல்கலைக்கழகத்தின் பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் சோனியாவின் பெயர். வருகிறவரையெல்லாம் பிடித்து நிறுத்தி, “நம்ம பொண்ணு போட்டது” என்று காட்டிக்கொண்டிருந்தார்.

சோனியாவுக்கோ எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

சென்னையை உலக நகரமாக்க எங்கெங்கே இடமிருக்கிறது என்று பல்கலைக்கழகம் ஆராய்ந்தது. “உனக்கு ஊர் தெரியுமே” என்று பேராசிரியர் இந்தப் பக்கத்துக் கணக்கெடுப்பை அவள் தலையில் கட்டினார். அவள் கணக்கெடுத்தது மே மாதம். அறுப்பு முடிந்து, ஏரி வற்றி, கழனியெல்லாம் வெடித்துக் கிடந்தது. படிவத்தில் இரண்டே கட்டம்: பயிர், தரிசு. “மழை வந்தா நெல்லு போடுவாங்க சார்” என்று அவளும் சொல்லத்தான் செய்தாள். “ஊர் தெரியும், சரி. விவசாயம் உனக்கெப்படித் தெரியும்?” என்றார் அவர். சுற்றிலும் நுனிநாக்கு இங்கிலீஷ் பேசும் கூட்டம். அந்தச் சேற்றில் அப்பாவோடு நாற்று நட்டவள் நான் என்று சொல்ல வாய் வந்ததா? வரவில்லை. பாழாய்ப்போன வெட்கம்! தரிசு என்றே எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அதிகாரி மைக்கில் வாசித்தார். “பல்கலைக்கழக ஆய்வின்படி இந்த நாற்பது ஏக்கரும் தரிசு. விவசாயம் கிடையாது.”

“எந்தக் கபோதி எழுதினான் அத?” பின்னாலிருந்து பக்கத்துக் கழனிக்காரி முத்தம்மா கத்தினாள். “தையில அறுத்த நெல்லு எங்க ஊட்ல மூட்டையா கீது!”

பாக்கியநாதன் துள்ளி எழுந்தார். “வாய அடக்கிப் பேசு முத்தம்மா! எம் பொண்ணு எழுதினது. அவ தப்பா எழுத மாட்டா. அது வேற எடமா இருக்கும்.” மகளிடம் திரும்பினார். “நீயே சொல்லும்மா. நம்ம குத்தகைக் கழனி அதுல இல்லதான?”

யாரோ மைக்கை அவள் கையில் திணித்தார்கள்.

“அதுலதான் கீது நைனா. நான்தான் தப்பா எழுதிட்டேன்.” அதிகாரியைப் பார்த்தாள். “சார், அது தரிசு இல்ல. நெல்லு வெளையற பூமி. திருத்திக்குங்க.”

“அறிக்கை மேல போயாச்சே. இப்ப வந்து சொல்றியேம்மா” என்றார் அவர்.

பாக்கியநாதன் மகளருகே வந்து நின்றார். அவளுக்கு மட்டும் கேட்கும்படி மெல்லக் கேட்டார்.

“எழுதும்போது நம்ம கழனின்னு தெரியாதா?”

“தெரியும்.”

“அப்புறம் இன்னாத்துக்கு வாய மூடிக்கினு இருந்த? உங்கப்பன் அங்க சேறு மெதிக்கிறவன்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சா?”

பொய் சொல்லிவிடலாம்தான். இத்தனைக்கும் பிறகு அதையுமா செய்வது?

“ஆமா நைனா” என்றாள்.

கையிலிருந்த மைக்கை அணைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. பந்தல் முழுக்க அது கேட்டது.