எண்பத்து நாலாவது கை

திருச்சபைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் அமலுக்கு வந்த திங்கட்கிழமை காலையில், போடிநாயக்கனூர் மலைரோட்டுத் தேவாலயத்தின் கதவு தனி ஆளுக்குத் திறப்பதை நிறுத்திக்கொண்டது. சபை நிர்வாகம் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கக்கூடாது, பாதிப் பேருக்கு மேல் சம்மதித்தால்தான் எதுவும் நடக்கும் என்றது சட்டம். மனிதர்கள் அதைப் படித்து முடிப்பதற்குள் கதவு கீழ்ப்படிந்துவிட்டது. மூன்று தலைமுறையாகச் சாவி வைத்திருந்த குடும்பத்தின் ஏலக்காய் வியாபாரி ஞானதுரை சாவியைத் திருப்பினார். பூட்டு திறந்தது, கதவு அசையவில்லை. ஆசாரி வந்து கீல்களைக் கழற்றினார். கீல் இல்லாமலும் கதவு நின்றது. திரும்ப மாட்டிவிட்டுப் போனார். தேனியிலிருந்து வந்த அதிகாரி சுற்றிப் பார்த்து, எல்லாம் சட்டப்படிதான் இருக்கிறது என்று எழுதிக்கொடுத்துவிட்டு டீ குடித்துப் போனார்.

சபையில் நூற்று அறுபத்தேழு பேர். எண்பத்து நாலு பேர் கை வைத்தால் திறக்கும் என்றார் ஆயர். வியாழக்கிழமை ஞானதுரையின் ஒரே மகள் ஷெர்லினுக்குக் கல்யாணம். தாயில்லாத பிள்ளை, அம்மாவுக்குக் கல்யாணம் நடந்த அதே பீடத்தின் முன்தான் நிற்பேன் என்று பிடிவாதமாக இருந்தாள். டவுனில் அவளையும் சேர்த்து நாற்பது பேர்தான் தேறினார்கள். மற்றவர்கள் எஸ்டேட்டில் ஏலக்காய் பறிப்பவர்கள், விடிவதற்கு முன்பே ஜீப்பில் மலையேறிவிடுவார்கள். கமிட்டிக் கூட்டத்துக்கு அவர்களை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. ஞானதுரைக்கு அது தவறாகப் பட்டதுமில்லை.

புதன்கிழமை அவரும் அந்த ஜீப்பில் இடித்துப் பிடித்து ஏறினார். விஷயத்தைச் சொன்னதும் காய் பறித்துக்கொண்டிருந்த சுப்புத்தாய் நிமிர்ந்தாள்.

“வர்றோம்ணே. எம் பேரு என்னன்னு சொல்லுங்க பாப்போம்.”

அவருக்குத் தெரியவில்லை. இருபது வருஷமாக நாலு பெஞ்சு தள்ளி நின்று பாட்டுப் பாடியவள். வெட்கத்தில் காது சுட்டது. சாயங்காலம்வரை செடி செடியாகப் போய் ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுக்கொண்டார். நாற்பத்து நாலு பேர் வருவதாகச் சொன்னார்கள்.

வியாழக்கிழமை ஒருத்திக்குக் காய்ச்சல். மற்றவர்கள் வந்து கதவிலும், இடம் போதாமல் முன்னால் நின்றவர்களின் தோளிலும் கை வைத்தார்கள். ஆயர் எண்ணினார். எண்பத்து மூன்று. ஷெர்லினுக்கு அழுகை முட்டியது. ஞானதுரை சாவியைப் பிடித்தபடி ஓரமாக நின்று, இன்னும் யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்தார்.

“தெருவுல என்னண்ணே சோலி? நீங்களும் சபைதானே. வெரசா கைய வைங்க” என்றாள் சுப்புத்தாய்.

அவருக்கு அது தோன்றவே இல்லை. சாவியைப் படியில் வைத்தார். கடைசியில் நின்றவனை “ஜோசுவா” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் தோளில் கை வைத்தார். கதவு திறந்தது.

இப்போது அந்தச் சபையில், ஜீப்பு ஏறாத ஞாயிற்றுக்கிழமையில்தான் கல்யாணம் வைக்கிறார்கள். காற்றுக்காலத்தில் திறந்த கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அடியில் சாவியைச் செருகிவைப்பது வழக்கமாகிவிட்டது. ஞானதுரைதான் குனிந்து செருகுவார்.