கொஞ்சம் திரும்பிக்குங்க

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை சிஸ்டம் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் காதில் விழாது. ஆறு அறைகளில் ஆறு கறுப்புத் திரைகள். பச்சை எழுத்து மட்டும் வரும். மவுஸ் கிடையாது, படம் கிடையாது. கட்டளையை ஒழுங்காகத் தட்டினால் வேலை நடக்கும், தட்டத் தெரியாவிட்டால் திரை உங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். பதினைந்து வருடங்களுக்கு முன் அவற்றை நிறுவியவர் அவர்தான். அன்றைக்கே, அந்தக் கட்டடத்தில் மூளை என்று ஒன்று இருப்பது தமக்கு மட்டும்தான் என்ற முடிவுக்கும் வந்துவிட்டார்.

அந்த முடிவுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. சீட்டு கொடுக்கும் அக்கா, எக்ஸ்ரே கோப்பைத் தவறான கட்டளையில் திறந்துவிடுவாள். உடனே திரை முழுக்கக் கண்டதும் கிறுக்கி, அதன்பின் என்ன தட்டினாலும் கிறுக்கலாகவே வரும். போன் அடிப்பாள். சிஸ்டம் சார் உடனே போகமாட்டார். பத்து நிமிடம் காத்திருக்க வைத்தால்தான் அருமை தெரியும் என்பது அவர் கொள்கை. பிறகு மாடியிலிருந்து இறங்கி, வரிசையில் நிற்கும் நோயாளிகளைத் தாண்டி உள்ளே போய், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "கொஞ்சம் திரும்பிக்குங்க" என்பார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். அவர் 'ரீசெட்' என்று ஆங்கிலத்தில் ஐந்து எழுத்துகளைத் தட்டி என்டரை அழுத்துவார். தட்டுவது திரையில் தெரியாது. தெரியாவிட்டாலும் வேலை செய்யும். திரை பளிச்சென்று சுத்தமாகிவிடும்.

"என்ன சார் பண்ணீங்க?"

"சொன்னா மண்டையில ஏறுமா? விடுங்க."

அந்த ஐந்து எழுத்துகளை அவர் யாருக்கும் சொன்னதில்லை. மனைவிக்கும் சொன்னதில்லை. அவளுக்கு மருந்துக் கவுண்டரில்தான் வேலை. அங்கே போனாலும் இதே கதைதான். "திரும்பிக்கோ" என்பார். அவள் மருந்து அலமாரியைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள்.

அன்று காலை சிஸ்டம் சார் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார். கணினிப் பிரிவு என்று ஒன்றைப் புதிதாகத் தொடங்கி அதற்கு ஒரு தலைவரைப் போடப்போகிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்குப் பெரிய டாக்டரம்மா அறையில் நேர்காணல். வெளியிலிருந்து இரண்டு பேர் விண்ணப்பித்திருந்தார்கள். ஆனால் இவர் பக்கம் ஒரு காகிதம் இருந்தது. ஐந்து பிரிவுகளும் கையெழுத்துப் போட்டு, "இவர் இல்லாமல் எங்கள் திரைகள் ஓடாது, இவரையே நியமிக்க வேண்டும்" என்று கேட்டிருந்தன. இவர் கேட்காமலேயே தானாக வந்த காகிதம் அது. பின்னே வராமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டார். அவருக்கு அந்தப் பதவி வேண்டும். நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது. இது போனால் இனி ஒன்று வராது.

அந்த விண்ணப்பத்துக்காகத்தான் ஒரு வாரமாக அவருக்குக் கேவலமான பிழைப்பாகப் போய்விட்டது. அழகாக அச்சடித்துத் தரவேண்டும் என்றார்கள். அதற்குக் கறுப்புத் திரை உதவாது. அலுவலகத்தில் குமாஸ்தா தட்டும் சாதாரணக் கம்ப்யூட்டர்முன் உட்கார்ந்து, மவுஸைப் பிடித்து உருட்டி, கொட்டை எழுத்து, சாய்வெழுத்து என்று அலங்காரம் செய்யவேண்டியிருந்தது. இரண்டு தடவை மின்சாரம் போய் எழுதியதெல்லாம் காற்றோடு போயிற்று. அதன்பின் ஒரு வரி எழுதியதும் கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்திச் சேமித்துக்கொண்டார். வரிக்கு வரி, ஒரு வாரம், கை தானாகவே அழுத்தப் பழகிவிட்டது.

கறுப்புத் திரையில் அதே இரண்டு பொத்தான்களுக்கு வேறு வேலை. அழுத்தினால் திரை உறைந்துவிடும். நீங்கள் தட்டுவதெல்லாம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும், ஆனால் ஒரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. போன மாதம் ரத்தம் பரிசோதிக்கும் லேப் அண்ணன் இப்படித்தான் தெரியாமல் அழுத்திவிட்டு, மெஷின் செத்துப்போச்சு என்று போன் அடித்தார். சிஸ்டம் சார் வந்து பார்த்துவிட்டு, ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த நோயாளிகளுக்கும் கேட்கும்படி, "நிறுத்தற பொத்தானை நீரே அமுக்கிட்டு நின்னுபோச்சுன்னா என்னய்யா அர்த்தம்? கண்ணை மூடிக்கிட்டு இருட்டா இருக்குன்னு சொல்ற ஆளா நீர்?" என்றார். லேப் அண்ணனுக்கு அறுபது நெருங்குகிறது. தலையைக் குனிந்துகொண்டு ரத்தக் குழாய்களை அடுக்கினார்.

பத்தரை மணிக்குச் சிஸ்டம் சார் தம் அறையில் உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்கு எல்லாத் திரைகளையும் துடைத்துப் புது அமைப்பை ஏற்றப்போகிறார். நேர்காணல் அன்று ஒரு வித்தை காட்ட வேண்டாமா? அதை ஆறு அறைகளுக்கும் அறிவிக்கவேண்டும். அறிவிப்பதற்கென்று அவரே ஒரு கட்டளை எழுதிவைத்திருந்தார். செய்தியைத் தட்டிவிட்டுக் கடைசியில் கன்ட்ரோலும் டியும் அழுத்தினால் ஆறு திரைகளிலும் ஒரே நேரத்தில் விழும். முன்பெல்லாம் இந்த ஜனங்கள் அறிவிப்பைப் படிக்காமலேயே தள்ளிவிட்டார்கள் என்று, வந்த அறிவிப்பு திரையைப் பூட்டிக்கொண்டு நிற்கும்படி செய்திருந்தார். ரீசெட் தட்டினால்தான் போகும். அதாவது இவர் போனால்தான் போகும். மேலே கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பும் தானாக வரும்: 'சிஸ்டம் அறிவிப்பு. அனைவரும் கவனமாகப் படிக்கவும்.'

"இன்று பன்னிரண்டு மணிக்கு எல்லாத் திரைகளும்" என்று தட்டினார். ஒரு கணம் நிறுத்தி, 'துடைக்கப்படும்' என்பதா 'மாற்றியமைக்கப்படும்' என்பதா என்று யோசித்தார். யோசிக்கும்போது இடது கை தன் வாரப் பழக்கத்தைச் செய்தது. கன்ட்ரோல், எஸ்.

இடைவெளிப் பொத்தானைத் தட்டினார். திரையில் ஒன்றும் வரவில்லை. என்டர் தட்டினார். வரவில்லை. கேபிளை ஆட்டினார். மேஜையில் ஒரு தட்டுத் தட்டினார். தாமே நிறுத்தும் பொத்தானை அழுத்தியிருப்போம் என்ற எண்ணம் அவர் தலைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதெல்லாம் லேப் அண்ணன் மாதிரி ஆட்கள் செய்வது.

சிஸ்டம் சாரிடம் ஒரு பழக்கம் உண்டு. திரை செத்துப்போனால், அந்தச் செத்த திரையில் மனத்தில் இருப்பதையெல்லாம் தட்டித் தீர்ப்பார். வாயால் சொன்னால் சண்டை வரும், காகிதத்தில் எழுதினால் யாராவது எடுத்துப் படிப்பார்கள். செத்த திரை எதையும் வைத்துக்கொள்ளாது. தட்டித் தட்டி, மூச்சு இளைத்ததும் கன்ட்ரோல் டி அழுத்தி, போய்த்தொலை என்று வெளியே வருவார். உடம்பு லேசாகிவிடும். அன்றைக்கு இருந்த எரிச்சலுக்கு ஐந்து நிமிடம் விடாமல் தட்டினார். கடைசியில் கன்ட்ரோல், டி. பிறகு மெஷினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது ஒரு போன்கூட வந்திருக்கவில்லை. அரை மணி ஆயிற்று. அப்போதும் வரவில்லை. திங்கட்கிழமை காலையில் ஒருத்தருக்கும் ஒன்றும் கிறுக்கவில்லை, ஒன்றும் உறையவில்லை என்றால் நம்புகிற மாதிரியா இருக்கிறது? போன் வேலை செய்கிறதா என்று எடுத்துப் பார்த்தார். செய்தது. சரி, இறங்கிப் பார்ப்போம் என்று இறங்கினார்.

சீட்டுக் கவுண்டரில் அக்கா நோட்டில் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மறுபடி எழுதினாள். அவள் பின்னால் திரை பூட்டி நின்றது. சிஸ்டம் சார் படித்தார்.

'இன்று பன்னிரண்டு மணிக்கு எல்லாத் திரைகளும் சனியன் நின்னுபோச்சு. இந்தக் கட்டடத்துல மெஷினும் உருப்படி இல்ல, மனுஷனும் உருப்படி இல்ல. சீட்டுக் குடுக்கறவளுக்கு வாய் ஓடும், விரல் ஓடாது. லேப்ல இருக்கிறது சம்பளம் வாங்கற தண்டம். பெரிய டாக்டருக்கு ஒரு கடிதம் திறக்கவே பக்கத்துல ஆள் நிக்கணும், அந்தம்மா என்னைக் கேள்வி கேக்கப்போகுதாம். மருந்துக் கவுண்டர்ல இருக்கிறது பதினஞ்சு வருஷமா என்கூடக் குப்பை கொட்டுது, ஒரு பொத்தான் பிடிபடலை. மரக்கட்டைக்குச் சொல்லிக்குடுத்திருந்தா அதுவாவது தட்டியிருக்கும்.'

'திரைகளும்' என்பதற்குப் பிறகு வாக்கியம் உடைந்திருந்த இடத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. இடது கையைப் பார்த்தார். ஓட்டமும் நடையுமாக லேப்புக்குப் போனார். அங்கேயும் அதே பச்சை எழுத்து. லேப் அண்ணன் ஒரு குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது... மெஷின்ல ஏதோ கோளாறு. நகருங்க, துடைச்சுடறேன். கொஞ்சம் திரும்பிக்குங்க."

"வேணாம் சார். நாங்களே துடைச்சுக்குவோம்."

"உமக்கு எப்படித் துடைக்கத் தெரியும்?"

"தெரியும் சார். ரெண்டு வருஷமாத் தெரியும். அஞ்சு எழுத்துதானே." அவர் குழாயை ஸ்டாண்டில் வைத்தார். "மருந்துக் கவுண்டர் அம்மாதான் எல்லாருக்கும் சொல்லிக்குடுத்தாங்க. நீங்க திட்டித் திட்டி, சீட்டு அக்கா ஒருநாள் அழுதுட்டாங்க. அன்னிக்குச் சொல்லிக்குடுத்தாங்க."

"அப்புறம் எதுக்கு எனக்குப் போன் பண்றீங்க?"

"அதையும் அவங்கதான் சொன்னாங்க. அவருக்கு அது ஒண்ணுதான் இருக்கு, அதைப் பிடுங்கிடாதீங்கன்னாங்க. அதனால முறை வச்சுக் கூப்பிடறோம். திங்கள் அக்கா, செவ்வாய் எக்ஸ்ரே, புதன் நான். போன மாசம் உறைஞ்சதுகூட என் முறைக்குத்தான் சார். தெரிஞ்சேதான் அமுக்கினேன்."

சிஸ்டம் சார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கையெழுத்துக் காகிதம்?"

"அவங்க எழுதினதுதான். ஒவ்வொரு அறையா வந்து கேட்டாங்க. அவங்களுக்காகப் போட்டோம்." லேப் அண்ணன் கையுறையைக் கழற்றினார். "இன்னிக்குக் கேட்டிருந்தா போட்டிருக்கமாட்டோம், அவ்வளவுதான். ஆனா போட்டதைத் திருப்பி வாங்கறதா இல்லை. அவங்க முகத்துக்காக."

மருந்துக் கவுண்டரில் கூட்டம். மனைவி டோக்கன் எண்ணைக் கூவிக்கொண்டு, மருந்துகளைக் கவரில் போட்டு, வேளைக் கணக்கைப் பேனாவால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரை அவள் தோளுக்குப் பக்கத்தில் பூட்டி நின்றது. மரக்கட்டை என்ற வார்த்தை நேராக அவர் கண்ணில் விழுந்தது. அவள் எதிரே மருந்து அலமாரியின் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் கீபோர்டு, அதன் ஒவ்வொரு பொத்தானும், துல்லியமாகத் தெரிந்தது. இத்தனை வருடம் இவளைத் திரும்பிக்கொள்ளச் சொன்னது இந்தக் கண்ணாடியைப் பார்த்துத்தான். வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

"இருபத்தேழு" என்றாள் மனைவி. ஒரு கிழவர் முன்னால் வந்தார்.

"உனக்குத் துடைக்கத் தெரியுமில்ல. ஏன் இன்னும் வச்சுக்கிட்டிருக்கே?"

"இது காலையில ஒண்ணு, இது ராத்திரி ஒண்ணு. சாப்பிட்டுட்டுப் போடணும்" என்று அவள் கிழவரிடம் சொல்லிக் கவரைக் கொடுத்தாள். பிறகுதான் இவரைப் பார்த்தாள். அழுத கண் இல்லை. அழுதிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அனைவரும் கவனமாகப் படிக்கவும்னு போட்டிருக்கீங்களே. படிச்சுக்கிட்டிருக்கேன்."

"கோபத்துல தட்டினது. யாரும் பார்க்கமாட்டாங்கன்னு..."

"அது தெரியுது. யாரும் பார்க்கமாட்டாங்கன்னுதான் இவ்வளவு உண்மையா வந்திருக்கு." அடுத்த சீட்டை வாங்கினாள். "பெரிய டாக்டரம்மா ரூம்லயும் இதே நிக்குது. அவங்களுக்கு மட்டும் நான் சொல்லிக்குடுக்கலை. அங்கே ஒரு இடத்துலயாவது நீங்க வேணும்னு இருக்கட்டுமேன்னு விட்டுவச்சேன். போங்க, காத்துக்கிட்டிருக்காங்க. இருபத்தெட்டு."

பெரிய டாக்டரம்மாவின் அறையில் மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது. மேஜைமேல் அவருடைய விண்ணப்பம், கொட்டை எழுத்து சாய்வெழுத்து அலங்காரங்களோடு இருந்தது. பக்கத்தில் ஐந்து கையெழுத்துக் காகிதம். அவர் உள்ளே வந்ததும் அந்தம்மா நாற்காலியைப் பின்னால் தள்ளி, கீபோர்டுக்கு முன்னால் இடம் விட்டாள்.

"வாங்க. ஒரு மணி நேரமா ஒரு ரிப்போர்ட்டும் பார்க்க முடியலை. நான் திரும்பிக்கணுமா?"

அவர் திரையில் தம் பெயருக்குச் சமமான அந்தத் தலைப்பையும், கீழே அந்தம்மாவைப் பற்றி எழுதியதையும் பார்த்தார். உட்காரவில்லை.

"வேணாம் மேடம். நீங்களே தட்டலாம்" என்றார். பதினைந்து வருடங்களில் முதல் தடவையாக அந்த ஐந்து எழுத்துகளை வாய்விட்டுச் சொன்னார், ஒவ்வொன்றாக.

பெரிய டாக்டரம்மா ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினாள். என்டரை அழுத்தினாள். அறிவிப்பு போய், திரை கறுப்பாக, சுத்தமாக நின்றது. அந்தம்மா திரையைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"இவ்வளவுதான் மேடம்."

அந்தம்மா விண்ணப்பத்தையும் காகிதத்தையும் ஒன்றாக மடித்து இழுப்பறையில் வைத்தாள். மூன்று மணிக்கு மற்ற இரண்டு பேரை மட்டும் வரச்சொல்லி வெளியில் இருந்த குமாஸ்தாவிடம் சொன்னாள். சிஸ்டம் சார் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.