மீதி பூஜ்யம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரே கிறுக்கு, பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடாத எண்களில், இதுவரை யாரும் காணாத ராட்சச எண் ஒன்றைத் தான் கண்டுபிடித்துவிட வேண்டும். அந்த ஆசையில், வீட்டிலிருந்த ஒரே ஏசி அறையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டு மனைவியோடு ஹாலில் வியர்த்துக்கொண்டு படுத்தார். “மாமாவோட மூத்த சம்சாரம் ஏசியில தூங்குது, எங்க அக்கா வெளியில வேகுது” என்று மைத்துனன் கிண்டலடிப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

இவரைப் போன்ற கிறுக்கர்கள் பல நாடுகளில் ஆளுக்கொரு எண்ணாகப் பங்குபோட்டுத் தேடுகிறார்கள். இரண்டை இரண்டால் கோடிக்கணக்கான முறை பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண்கள் அவை. அச்சடித்தால் அலமாரி கொள்ளாது. சோதிக்கும் வழி மட்டும் சுலபம். நாலில் தொடங்கி, வர்க்கம் எடுத்து, இரண்டைக் கழித்து, அந்தப் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மறுபடி வர்க்கம் எடுக்க வேண்டும். கோடிச் சுற்றுகளுக்குப் பிறகு மீதி பூஜ்யமானால் பகா எண். வேறு எது வந்தாலும் இல்லை. நடுவில் ஒரு இலக்கம் பிசகினாலும் கடைசியில் வருவது குப்பைதான். ஆனால் அந்தக் குப்பையைப் பார்த்தால் நிஜ மீதி மாதிரியே இருக்கும். அதனால்தான் ஒருவர் ‘இல்லை’ என்று சொன்னதைச் சில வருடம் கழித்து இன்னொருவர் சரிபார்ப்பது வழக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, முகம் தெரியாத யாரோ புதிய பகா எண்ணைப் பிடித்துவிட்டதாகத் திரையில் செய்தி வந்தது. எண்ணை இரண்டு முறை படித்தார். அவரே சோதித்து, ‘இல்லை’ என்று அனுப்பிய எண் அது.

காத்திருக்கப் பொறுக்காமல், கம்ப்யூட்டரின் வேகத்தை அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார். ‘கணக்கில் பிழை இருக்கலாம்’ என்று ஒன்றிரண்டு எச்சரிக்கை வந்தது. தளத்துக்கு ஒரு விரல்கடை மேலே லிஃப்ட் நின்றால்கூட யாரையும் ஏறவிடாத மனுஷன், அதைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்.

“என்னங்க, முகம் இப்படி இருக்கு?”

“நம்பர் கிடைச்சிருச்சு. என் கையிலதான் இருந்துச்சு. நான்தான் இல்லன்னு சொல்லிட்டேன். இப்ப வேற ஒருத்தர் கண்டுபிடிச்சிட்டார்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “சரி விடுங்க. இது போனா இன்னொண்ணு. மத்ததெல்லாம் ஒழுங்காத்தானே பாத்திருக்கீங்க?”

அவர் அதுவரை அதை யோசித்திருக்கவில்லை.

“எல்லாத்தையும் அதே வேகத்துலதான் பாத்தேன். ஒண்ணையும் நம்ப முடியாது.”

“அப்ப மறுபடி பாக்கணுமா?”

“எனக்கு ஆயுசு பத்தாது.”

இத்தனை வருட வெக்கையில் ஒரு தடவைகூட முணுமுணுக்காதவள் மெதுவாகக் கேட்டாள்: “அப்ப நாம பட்டதெல்லாம்?”

அவர் ஏசி அறையின் கதவைப் பார்த்தார். அவர் இல்லையென்று சொன்ன அன்றைக்கும் அந்த எண் பகா எண்ணாகத்தான் இருந்தது. உள்ளே மெஷின் அடுத்த எண்ணைப் போட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்துபோய் நிறுத்தவில்லை. ஓடினால் என்ன, நின்றால் என்ன.