தட்டிவிட்டுப் போனவன்

என் பெயர் கெட்ரிக். கென்ட்ரிக் அல்ல. நடுவில் 'ன்' கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் ஒரு அணிக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அந்த அணியின் பெயரை இங்கே எழுத மாட்டேன். என் பெயரைச் சரியாகச் சொல்லாதவர்கள் பெயரை நான் ஏன் சொல்ல வேண்டும்?

நான் பிறந்தபோது பதிவு அலுவலகத்தில் இருந்த பெண் தன் இஷ்டத்துக்கு அந்த 'ன்'னைச் சொருகிவிட்டாள். என் அம்மா வெர்லீன் பெட்வே என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மூன்று தடவை பஸ் ஏறிப் போய் அதை எடுக்க வைத்தாள். அலபாமாவில் எங்கள் ஊரில் கெளுத்தி மீன் ஆலையை விட்டால் வேறு வேலை இல்லை. அங்கே ஒரு நாள் லீவு கேட்டாலே சூப்பர்வைசர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். அம்மா மூன்று நாள் லீவு போட்டு மீட்ட பெயர் இது.

நான் ஆடியது அமெரிக்க ஃபுட்பால், பந்தைக் கையால் எறிந்து ஆடுவது. அதில் என் வேலை சொல்வதற்குச் சுலபம். எதிரணியில் பந்தை எறிகிறவன் குவார்ட்டர்பேக். அவன் கையிலிருந்து பந்து கிளம்புவதற்கு முன் நான் அவனைப் போய்ப் பிடித்துத் தரையில் சாய்க்க வேண்டும். அதற்குப் பெயர் சாக். நடுவில் நூற்றைம்பது கிலோ ஆள் ஒருவன் என்னை மறித்துக்கொண்டு நிற்பான். அவனைத் தாண்ட எனக்கு இரண்டரை விநாடி. சாக் எடுத்தால் அரங்கத்தில் ஒலிபெருக்கிக்காரர் பெயரை முழுசாகச் சொல்வார், எழுபதாயிரம் பேர் கேட்பார்கள். எனக்கு அது ஒரு தடவை வேண்டும். அம்மா கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை, இதைவிடச் சின்ன ஆசை அந்தத் தொழிலில் யாருக்கும் இருந்திருக்காது.

ஏப்ரலில் அணிகள் கல்லூரிப் பையன்களைத் தேர்ந்தெடுத்து டிவியில் பெயர் வாசிப்பார்கள். மூன்று நாள், ஏழு சுற்று, இருநூற்றைம்பதுக்கு மேல் பெயர்கள். நான் கல்லூரி முடித்த வருடம் அந்த மூன்று நாளும் எங்கள் வீட்டில் சர்ச் ஆட்கள் கூடியிருந்தார்கள். அம்மா இரண்டு தொட்டி மீன் வறுத்து, பெரிய தட்டில் மக்ரோனியும் உருளைக்கிழங்கு சாலடும் செய்து வைத்திருந்தாள். கடைசிப் பெயரையும் வாசித்து முடித்தார்கள். என் பெயர் அதில் இல்லை. பாதிரியாரின் மனைவி என் முதுகைத் தடவி, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் தம்பி" என்றாள். ஒருவனுக்கு ஒரு வருடம்தான், அடுத்த வருடம் என்ற பேச்சே அதில் கிடையாது. அம்மா டிவியை அணைத்தாள்.

"எல்லாரும் மீனைக் கட்டி எடுத்துட்டுப் போங்க. இந்த வீட்ல இன்னைக்கு யாருக்கும் தொண்டைக்குள்ள எறங்காது."

அவர்கள் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. பெயர் வாசிக்கப்படாதவர்களை அணிகள் இப்படித்தான் வலைவீசிப் பிடிக்கும்.

"ஹலோ, கென்ட்ரிக்கா?"

"கெட்ரிக் சார்."

"நல்லது கென்ட்ரிக். நாளைக்கு ஃபிளைட் ஏறுறியா?"

ஏறினேன். வேறு என்ன செய்வது?

அவர்களுடைய பயிற்சி முகாம் முடிந்ததும் என்னை அணியில் சேர்க்கவும் இல்லை, விரட்டவும் இல்லை. பயிற்சிக் கூட்டத்தில் வைத்துக்கொண்டார்கள். பயிற்சிக் கூட்டம் என்றால் என்ன தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை வரப்போகிற எதிரணி ஆளைப் போல வாரம் முழுக்க நடிப்பது. எதிரணியில் வைலி என்று ஒரு பெரிய ஆள் இருந்தால் அந்த வாரம் நான் வைலி. அவன் எண் போட்ட மஞ்சள் பனியனை என் சட்டைமேல் மாட்டிவிடுவார்கள். அவன் எந்தக் காலை முதலில் வைப்பானோ அந்தக் காலை நானும் வைக்க வேண்டும். அவனைப் போலக் குனிய வேண்டும், அவனைப் போல உறும வேண்டும். சாப்பாட்டு வரிசையில்கூட, "என்ன வைலி, இன்னும் கொஞ்சம் கோழி வைக்கட்டுமா?" என்று கிண்டல் செய்வார்கள். முதல் வருடம் நானும் சிரித்தேன். இரண்டாவது வருடம் சிரிப்பு வரவில்லை. உடை மாற்றும் அறையில் மற்றவர்கள் பெட்டிகளில் உலோகத்தில் பொறித்த பெயர்ப் பலகை இருந்தது. என் பெட்டியில் ஒட்டுக் காகிதத்தில் மையால் எழுதியிருந்தார்கள்: கென்ட்ரிக் பி. நான் அந்த 'ன்'னை அடித்துவிடுவேன். சுத்தம் செய்கிறவர்கள் புதுக் காகிதம் ஒட்டுவார்கள். மறுபடி 'ன்' வந்துவிடும்.

எங்கள் குவார்ட்டர்பேக்குக்குப் பயிற்சியில் சிவப்புச் சட்டை. அவனுக்கு அடி படக்கூடாதென்று சிவப்புச் சட்டையை யாரும் தொடக்கூடாது. இரண்டாவது வருடம் ஒரு நாள், மறிக்கிறவன் கால் தடுக்கி விழுந்து, என் முழங்கை அந்தச் சிவப்புக் கையை உரசிவிட்டது. உரசல்தான். ஹால்வர்சன் விசிலை ஊதிக்கொண்டே பாய்ந்து வந்தார். அவர்தான் எனக்குப் பயிற்சியாளர், பாய்ந்து பிடிப்பதைச் சொல்லிக்கொடுக்கச் சம்பளம் வாங்குகிறவர்.

"டேய்! அவன் யாருன்னு தெரியுமாடா உனக்கு?"

"தெரியும் கோச்."

"நீ யாருன்னு தெரியுமா?"

நான் குனிந்து என் மஞ்சள் பனியனைப் பார்த்தேன்.

"அது தெரிஞ்சாப் போதும். கிட்ட போனியா, இடுப்புல லேசா ஒரு தட்டு தட்டு, அப்படியே தாண்டி ஓடிரு. இன்னொரு தடவை மேல பட்டுச்சுன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போயிரணும். புரிஞ்சுதா?"

புரிந்தது. அன்றிலிருந்து தட்டினேன். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை. நூற்றைம்பது கிலோ ஆளைத் தாண்டி உயிரைக் கொடுத்து ஓடி, கடைசி அடியில் கையை விரித்து, இடுப்பில் ஒரு தட்டு, அப்படியே ஓட்டம். குழந்தைகள் தொட்டுப் பிடித்து விளையாடுவார்களே, அதேதான். வளர்ந்த ஆம்பிளை, இதைத்தான் வேலையென்று செய்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது வருடம் நவம்பரில் எங்கள் ஆட்களில் இரண்டு பேருக்கு முட்டி போயிற்று. சனிக்கிழமை காலை ஹால்வர்சன் என் பெட்டிப் பக்கம் வந்தார்.

"நாளைக்கு நீ ஆடுற."

"யாரா கோச்?"

"யாராவா? நீயாத்தான்டா."

அந்தக் கேள்வியை நான் கிண்டலுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டேன். இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது, அவர்மேல் அதைவிட வருகிறது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் சர்ச் வேனில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பதினான்கு மணி நேரம் வந்தாள். ஆட்டத்துக்கு முன்னால் ஒலிபெருக்கி அறையிலிருந்து ஒரு பெண் காகிதத்தோடு என்னைத் தேடி வந்தாள்.

"உங்க பேரை எப்படிச் சொல்லணும்?"

"கெட்ரிக் பெட்வே. நடுவுல 'ன்' இல்லை."

அவள் எழுதிக்கொண்டு எனக்கே திருப்பி வாசித்துக் காட்டினாள். சரியாக வாசித்தாள். அந்தக் கட்டடத்தில் அப்படிச் செய்த முதல் ஆள் அவள்தான்.

கடைசி நிமிடம் வரை என்னை வெளியிலேயே உட்கார வைத்திருந்தார்கள். நாங்கள் நான்கு புள்ளி முன்னால். பதினோரு விநாடி பாக்கி. எதிரணிக்கு ஒரே ஒரு எறி. அவர்களுடைய குவார்ட்டர்பேக் கிரேடி சோரெல், படத்தில் வருகிற மாதிரி தாடை உள்ளவன். "பெட்வே, உள்ள போ!" என்றார்கள். போனேன். அந்த ஒரு தடவை வைலியைப் போல இல்லை, வேறு எவனைப் போலவும் இல்லை. என் இடது காலை முதலில் வைத்தேன், கல்லூரியில் வைத்தது போல. மறிக்கிறவனுடைய கையை மேலே தூக்கித் தள்ளி அக்குளுக்கு அடியில் நுழைந்தேன். அவன் காற்றைப் பிடித்தான். எனக்கு முன்னால் சோரெலின் முதுகு. நான் வருவது அவனுக்குத் தெரியவே தெரியாது. பெரிய கதவு மாதிரி திறந்து கிடந்தது அந்த முதுகு.

தட்டினேன்.

இடுப்பில் லேசாக ஒரு தட்டு. கையை விரித்தேன், தாண்டி ஓடினேன். ஐந்தடி ஓடிய பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரிந்தது. திரும்பிப் பார்த்தபோது பந்து காற்றில் இருந்தது. பிறகு அரங்கத்தின் அந்தக் கோடியில் எதிரணி ஆள் ஒருவன் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோட்டுக்குள் விழுந்தான். அதற்கு ஆறு புள்ளி. தோற்றோம். ஒலிபெருக்கி சோரெலின் பெயரைச் சொன்னது.

திங்கட்கிழமை வீடியோ அறையில் அதைப் பதினோரு தடவை போட்டார்கள். எண்ணினேன். நாலாவது தடவை யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் மூக்கால் ஊதினான். அதற்குப் பிறகு அறையே சிரித்தது.

"கையில இருந்தாண்டா அவன்! ஏன்டா விட்ட?" என்றார் ஹால்வர்சன்.

"நீங்கதானே கோச் தட்டச் சொன்னீங்க. போன வருஷத்துல இருந்து அதைத்தானே செஞ்சேன்."

"உன்னை சாக் எடுக்கச் சொன்னா சாக்கு சொல்றியா?"

மறுபடியும் சிரிப்பு. அவருக்குத் தன் நகைச்சுவை ரொம்பப் பிடித்துவிட்டது, இன்னொரு தடவை சொன்னார். செவ்வாய்க்கிழமை என் பெட்டியிலிருந்து அந்த ஒட்டுக் காகிதத்தைக் கிழித்துவிட்டார்கள், இந்தத் தடவை புதுசு ஒட்டவில்லை.

அன்றிரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"ராசா, என் கையி தூக்கத்துலயும் மீன் தோல் உரிக்குது. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. போர்வையைப் புடிச்சு உரிச்சுக்கிட்டுக் கெடக்கேன். உன் கையி தட்டிச்சு. கையைப் பழக்குனவன் எவனோ அவனைக் கேக்கணும், உன்னைக் கேட்டு என்ன ஆகப்போவுது?"

அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன். அழுது முடித்ததும் உள்ளே கோபம் மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அடுத்த வாரம் சோரெலின் அணி அலுவலகத்திலிருந்து ஒருவன் கூப்பிட்டான். பயிற்சிக் கூட்டத்தில் இடம் இருக்கிறதாம். "சோரெலே உங்களைக் கேட்டாரு. பயிற்சியில இப்படி ஒரு பத்திரமான ஆள் வேணும்னு சொன்னாரு" என்றான். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னான். நான் போனேன். ஏன் போனேன் என்று அம்மாகூடக் கேட்டாள். அப்போது எனக்குப் பதில் தெரியாது.

முதல் நாள் மஞ்சள் பனியன் கொடுத்தார்கள், இந்த வாரம் வேறு எவனுடையதோ எண். சோரெல் சிவப்புச் சட்டையில் வந்து என் தோளில் கை போட்டான்.

"வாப்பா கென்ட்ரிக்! உன்னை நான் மறக்கவே மாட்டேன். இந்த லீக்லயே உன்னை மாதிரி மரியாதையான பையன் கெடையாது."

அவன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மனசாரச் சொன்னான், பல்லெல்லாம் தெரிய.

வியாழக்கிழமை, ஆறாவது ஓட்டம். இடது காலை முதலில் வைத்தேன். மறிக்கிறவன் கையைத் தூக்கி, அக்குளுக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தேன். சிவப்பு முதுகு எதிரில். என் வலது கை தானாக விரியத் தொடங்கியது. தட்டப் போகிறது, எனக்குத் தெரிந்துவிட்டது. பல்லைக் கடித்து அந்தக் கையை மூடினேன்.

முறைப்படி பிடித்தேன். தோளை விலாவுக்குக் கீழே கொடுத்து, இரண்டு கையாலும் சுற்றி, ஒரு அடி தூக்கி, உடம்பைத் திருப்பி என் முதுகு முதலில் தரையில் படும்படி விழுந்தேன். அவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. உருண்டு மேலே வந்தேன். சிவப்புச் சட்டையில் முதல் தடவையாகப் புல் கறை பட்டிருந்தது.

"பைத்தியமாடா உனக்கு? எந்திரி!" என்றான் சோரெல்.

"என் பேரைச் சொல்லு."

"என்னது?"

"பேரு. என் பேரு என்ன?"

"கென்ட்ரிக்! கென்ட்ரிக்தானே? எந்திரிப்பா!"

"கெட்ரிக். நடுவுல 'ன்' இல்லை. சொல்லு, எந்திரிக்கிறேன்."

நான்கு பேர் ஓடி வந்து என் காலைப் பிடித்து இழுத்தார்கள். இழுபட்டுக்கொண்டே அவனைப் பார்த்தேன். அவன் மூச்சிரைக்கச் சொன்னான், "கெட்ரிக்." சரியாகத்தான் சொன்னான்.

அரை மணி நேரத்தில் அலுவலகத்தில் என்னை நீக்கிவிட்டதாக ஒரு தாள் நீட்டினார்கள். இனி எந்த அணியும் என்னைக் கூப்பிடாது என்று அங்கே இருந்தவர் வாயாலும் சொன்னார். தாளை நான் படிக்கவில்லை, மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்தேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடுப்படியில் நின்றபடி சத்தமாக வாசித்தாள், மூன்று வருடத்துக்கு முன் டிவியில் பெயர்களை வாசித்தவன் நிறுத்தி நிறுத்தி வாசித்தது போலவே.

"கெட்ரிக் எல்வுட் பெட்வே."

நிறுத்தி, அந்த எழுத்துகளின்மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிழை இல்லை.

"தொரத்தும்போது மட்டும் ஒழுங்கா எழுதத் தெரியுது பாரு, நாசமாப் போறவனுங்களுக்கு" என்றாள்.