கட்டக் கூடாத கயிறு

காற்றைப் பற்றி வேல்பாண்டிக்குத் தெரியாதது எதுவும் இல்லை. மார்க்கையன்கோட்டையில் மூன்று ஏக்கர் வாழை வைத்திருப்பவனுக்கு ஆடிக் காற்றோடு பன்னிரண்டு வருடப் பகை. அந்தப் பகையில் அவன் கண்டறிந்த ஒரே தத்துவம், எதுவானாலும் இழுத்துக் கட்டிவிட வேண்டும் என்பது. வாழையைக் கம்போடு கட்டுவான். மோட்டார் ரூம் தகரத்தைக் கல்லோடு கட்டுவான். ஹெல்மெட்டை பைக்கோடு கட்டுவான். தலையில் மட்டும் போட மாட்டான்.

இப்பேர்ப்பட்ட நிபுணரைத்தான் அவன் மனைவி ஹேமாவதி அன்று படகில் ஏற்ற வேண்டியதாயிற்று.

ஹேமாவதிக்குத் தேனியில் காற்றாலைப் பராமரிப்பு அலுவலகத்தில் வேலை. கல்யாணத்துக்கு முன் கொச்சியில் இருந்த மூன்று வருடத்தில் பாய்ப்படகு ஓட்டப் பழகியிருந்தாள். போன வருடம் அங்கிருந்து ஒரு பழைய பதினான்கு அடிப் படகை மினிலாரியில் குமுளி வழியாக இறக்கினாள். ஊர் அதை மீன் தொட்டி என்று நினைத்து, கெண்டை கிலோ என்ன விலை என்று விசாரித்தது.

சென்னையில் பாய்ப்படகுப் பயிற்சியாளர்களுக்கு ஒரு முகாம். அதில் சேர ஒரு வீடியோ அனுப்ப வேண்டும். இரண்டு பேர் மட்டும் படகில் இருந்து ஸ்பின்னக்கர் என்கிற பாயை ஏற்றி, மூன்று நிமிடம் விடாமல் பறக்கவிட்டு, நனையாமல் இறக்கிக் காட்ட வேண்டும். வெட்டு ஒட்டு கூடாது. வயது முப்பதைத் தாண்டக் கூடாது. ஹேமாவதிக்கு ஆவணியில் முப்பது முடிகிறது. வீடியோவுக்கு அன்று மாலை ஆறு மணியோடு கெடு முடிகிறது. கூட வருவதாகச் சொன்ன குமுளி ஜஸ்டின் காய்ச்சலில் படுத்துவிட்டான். படம் எடுக்க நாத்தனார் மகிமா ஊர்க் கண்மாயின் மேற்குக் கரையில் தயார். மிச்சம் இருந்தது வேல்பாண்டி.

படகைத் தள்ளும் முன் ஹேமாவதி பொறுமையாக விளக்கினாள். சாதாரணப் பாய்க்கு எலும்பு உண்டு. ஓர் ஓரம் பாய்மரத்தோடு ஒட்டி நிற்கும். ஸ்பின்னக்கருக்கு எலும்பே கிடையாது. வெறும் நைலான் துணி. பின்னாலிருந்து வரும் காற்றை வாங்கிப் படகின் மூக்குக்கு முன்னால் பாதி பலூன்போல உப்பிக்கொண்டு இழுக்கும். அதைப் பிடித்திருப்பவை மூன்று மூலைகள்தான். உச்சி மூலை பாய்மரத்தில் கட்டியிருக்கும். இரண்டாவது மூலை, காற்று வரும் பக்கம் நீட்டிய ஒரு கழியின் முனையில் கட்டியிருக்கும். மூன்றாவது மூலையின் கயிறு மனிதன் கையில்.

"ரெண்டக் கட்டிட்டு மூணாவதுக்கு மட்டும் என்னத்துக்கு ஆளு?" என்றான் வேல்பாண்டி.

காற்றுக்கு நிமிடத்துக்கொரு புத்தி என்பதால்தான். கயிற்றை மெல்ல விட்டுக்கொண்டே போனால், கழிப் பக்கத்து ஓரம் லேசாக உள்ளே சுருளும். சுருண்டதும் ஒரு பிடி இழுத்தால் விரியும். மறுபடி விட வேண்டும். அந்தச் சுருளுக்கும் விரிவுக்கும் நடுவில்தான் பாய்க்கு முழு பலம். இறுக்கியே வைத்தால் முன்னால் இழுப்பதை விட்டுப் படகைப் பக்கவாட்டில் சாய்த்துவிடும். சாய்ந்தால் சுக்கான் தண்ணீரைவிட்டு மேலே வந்துவிடும்; பிறகு அதைத் திருப்புவதும் கரண்டு இல்லாத டிவிக்கு ரிமோட்டை அழுத்துவதும் ஒன்று.

"என்ன ஆனாலும் கட்டக் கூடாதுங்க."

தான் பார்க்காத காற்றா என்று சொல்லிவிட்டு, இடுப்பில் இலை அறுக்கும் கத்தியோடு ஏறி உட்கார்ந்தான். தண்ணீருக்குள் என்ன இலை அறுக்கப் போகிறார் என்று ஹேமாவதி கேட்டதைக் காதில் வாங்கவில்லை.

நாலே முக்காலுக்குப் பாய் ஏறியது. ஆரஞ்சும் வெள்ளையுமாக அது விரிந்ததும், படகு யாரோ முதுகில் தட்டினாற்போல் துள்ளி ஓடியது. முதல் நிமிடம் வேல்பாண்டி விட்டான், இழுத்தான், விட்டான். இரண்டாவது நிமிடம் கை கடுத்தது. ஹேமாவதி பாயை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பன்னிரண்டு வருட அனுபவம் தன் வேலையைக் காட்டியது. இருக்கைக்கு அடியில் இருந்த வளையத்தில் இரண்டு சுற்று, ஒரு குறுக்கு, ஒரு முடிச்சு. வாழைக் கட்டு. தார் வெட்டும்வரை அவிழாது.

மேற்கே மலையிலிருந்து ஒரு காற்று இறங்கியது. பாய் பக்கவாட்டில் இழுக்க, படகு சாய்ந்து தண்ணீரை அள்ளியது.

"கயித்த விடுங்க!"

"எப்பவோ விட்டுட்டேன்," என்றான் வேல்பாண்டி. உண்மைதான், இரண்டு கையும் காலியாகவே இருந்தன.

ஹேமாவதி வளையத்தைப் பார்த்தாள். கயிறு விறைத்திருக்க, முடிச்சு கல்லாகியிருந்தது. அவன் இடுப்பிலிருந்து கத்தியை உருவி ஒரே வெட்டு. பாய் கொடிபோலப் படபடக்க, படகு நிமிர்ந்தது. வேல்பாண்டி வாளியால் தண்ணீரை இறைத்தபடி வளையத்தைக் காட்டினான். "பாத்தியா, முடிச்சு அசையல."

ஹேமாவதி நைலான் பாயை இறக்கிவிட்டு, சாதாரணப் பாயோடு படகைத் திருப்பினாள். காற்றை எதிர்த்து நேராகப் போகப் பாய்ப்படகுக்கு வழியில்லை. குறுக்கும் மறுக்குமாக ஏறித்தான் மேற்குக் கரைக்குத் திரும்ப வேண்டும். அதற்கே ஐந்தே கால் ஆகிவிட்டது. அறுந்த கயிறு இப்போது அவன் கைவரைதான் எட்டியது, வளையம்வரை எட்டவில்லை. இன்னொரு கயிறு சேர்த்து முடிந்து தருவதாக ஆர்வத்தோடு முன்வந்தான்.

"வேணாம். இந்த நீளந்தான் வேணும்."

இரண்டாவது ஓட்டத்தில் கட்டக் கயிறு மிச்சமில்லாததால் வேல்பாண்டி பிடித்திருந்தான். ஓரம் சுருண்டது, இழுத்தான். விரிந்தது, விட்டான். இரண்டாவது நிமிடத்தில் அவன் பாயைப் பார்ப்பதைக்கூட நிறுத்திவிட்டான்.

"சுருளுறதுக்கு முந்தியே கையில வந்து சொல்லுது ஹேமா," என்றான். இதைத்தான் அவள் ஒரு மணி நேரம் விளக்கியிருந்தாள். அவன் தானே கண்டுபிடித்ததாக வைத்துக்கொள்வதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை.

மூன்றாவது நிமிடம் முடிந்ததும் அவள் உச்சி மூலையின் கயிற்றை அவிழ்த்து விட்டாள். அவன் துணியைச் சாதாரணப் பாயின் மறைவில் வாரி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். ஒரு நூல் நனையவில்லை.

மறுபடி குறுக்கும் மறுக்குமாக வந்து மேற்குக் கரையேறிப் பாயை இறக்கியதும், படகைப் பார்த்துக்கொள்ள வேல்பாண்டியிடம் சொல்லிவிட்டு ஹேமாவதி மகிமாவிடம் ஓடினாள். கரைக்குக் கீழே டவர் இல்லை. மேட்டில் ஏறி போனை உயர்த்திப் பிடித்து, ஐந்து ஐம்பத்தெட்டுக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது. ஹேமாவதி அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். வீடியோவில் தான் எப்படி இருக்கிறோம் என்று பார்க்க வேல்பாண்டியும் பின்னாலேயே வந்து நின்றான்.

"அண்ணே," என்றாள் மகிமா, "மதினி படகு எங்கன போகுது?"

படகு பாயே இல்லாமல், நேர் கிழக்கே, கண்மாயின் நடுவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"கட்டலயா?" என்று ஹேமாவதி கேட்டாள்.

"என்ன ஆனாலும் கட்டக் கூடாதுன்னு நீதான சொன்ன?"

படகுக்குள் வளையத்தில் அந்த வாழைக் கட்டு மட்டும் அவிழாமல் போய்க்கொண்டிருந்தது.